கிட்னி சுருங்குவது என்றால் என்ன? ஒரு தழும்பின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருடைய அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்ததில், இரண்டு கிட்னியும் சுருங்கியிருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "சுருங்குறதுன்னா என்ன டீச்சர்? துவைச்ச துணி மாதிரியா? மறுபடி விரியுமா?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பிலும் இவர் இப்படித்தான் கேட்பார், எழுந்து நின்றுகொண்டு. நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் அவர் கேட்ட அதே கேள்விக்கு விடை தேடி, பல நாட்டு மனிதர்கள் ஏறக்குறைய 200 ஆண்டுகள் அலைந்திருக்கிறார்கள். அந்தக் கதையை என்னால் சொல்ல முடியும்.

லண்டனில் கைஸ் மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. அங்கே ரிச்சர்ட் பிரைட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். முகமும் காலும் நீர் கோத்து வீங்கிப்போன நோயாளிகள் அவரிடம் நிறைய வந்தார்கள். ஏன் வீங்குகிறது என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. பிரைட் செய்தது ரொம்ப எளிமையான சோதனை. நோயாளியின் சிறுநீரைக் கொஞ்சம் ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். சில பேருடைய சிறுநீர், முட்டையின் வெண்கரு வேகும்போது உறைவதுபோல வெள்ளையாக உறைந்தது. வெண்கருவில் இருக்கிற அதே வகைப் புரதம்தான், ஆல்புமின். ரத்தத்தில் இருக்க வேண்டியது, வெளியே கசிந்திருக்கிறது.

அதோடு விடவில்லை அவர். அந்த நோயாளிகள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தார். சிறுநீரகம் சில பேருக்குக் கெட்டியாக, மேல்பரப்பு மணல்மணலாக, சுருங்கிப்போய்க் கிடந்தது. வீக்கம், உறையும் சிறுநீர், கெட்டுப்போன சிறுநீரகம் என்ற மூன்றையும் ஒரே நூலில் கோத்து 1827-இல் வண்ணப் படங்களோடு புத்தகமாகப் போட்டார். அதற்குப் பிறகு நெடுங்காலம் சிறுநீரக நோய்க்கே 'பிரைட் நோய்' என்றுதான் பெயர். 1842-இல் இந்த நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகளோடு இரண்டு வார்டுகளை அந்த மருத்துவமனை ஒதுக்கிக் கொடுத்தது. ஒரு கரண்டியும் மெழுகுவத்தியும் செய்த வேலை!

சரி, அந்தச் சுருங்கிய கிட்னிக்குள் என்ன நடந்திருந்தது? பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அவரை விதை வடிவம், ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு ஒன்று, குளோமருலஸ். அதைச் சுற்றி பௌமானின் கிண்ணம். (அந்த பௌமான் இதே பிரைட் காலத்து லண்டன்காரர். கிண்ணத்தை விவரித்ததும் அதே 1842-இல்.) இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மீதி எல்லாவற்றையும் நெஃப்ரானின் நீண்ட குழல் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே கொடுத்துவிடுகிறது.

இப்போது முழங்காலில் பட்ட சிராய்ப்பை நினைத்துக் கொள்ளுங்கள். மைதானத்தில் விழுந்து எழுந்து வராத பிள்ளை உங்களில் யார்? காயம் ஆறியதும் அந்த இடத்தில் வெளிறிய ஒரு தழும்பு. உடம்பு, போன தோலை அப்படியே திருப்பிச் செய்ய முடியாதபோது, கொலாஜன் என்ற நாரை வைத்து ஒட்டுப் போட்டு மூடிவிடுகிறது. முழங்காலில் அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். சிறுநீரகத்தில் அதே ஒட்டு விழுந்தால், அங்கே காலி இடமே கிடையாது. குழலுக்கும் குழலுக்கும் நடுவில், நுண் ரத்தக்குழாய்கள் போகிற சந்தில் நார் வந்து அடைகிறது. ரத்தம் வருவது குறைகிறது. குழல் பட்டினி கிடந்து வற்றுகிறது. வற்றிய இடத்தில் இன்னும் நார். அதுதான் சுருக்கம். பிறந்த பிறகு மனிதனுக்குப் புது நெஃப்ரான் உருவாவதில்லை. ஆகவே, கேட்டவருக்கு விடை: துணி மாதிரி இல்லை, விரியாது. ஆனால் இன்னும் சுருங்காமல் இருக்கிற பகுதியைக் காப்பாற்ற முடியுமா என்பது வேறு கேள்வி. கதையே அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கேள்வியை நோக்கி இரண்டு பாதைகள் தனித்தனியாக வந்தன. ஒன்று ரத்த அழுத்தப் பாதை. இன்னொன்று தழும்புப் பாதை. ரொம்ப காலம் ஒன்றுக்கொன்று முகம் தெரியாது.

முதல் பாதை ஒரு முயலில் தொடங்குகிறது. 1898-இல் ஸ்வீடனில், ராபர்ட் டைகர்ஸ்டெட் என்ற பேராசிரியரும் பெர் பெர்க்மன் என்ற அவருடைய மாணவரும், முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை வேறொரு முயலுக்கு ஊசியில் ஏற்றினார்கள். அதன் ரத்த அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1934-இல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் என்பவர், நாயின் சிறுநீரகத்துக்குப் போகும் தமனியைக் கவ்வி ஒன்றால் லேசாக நெருக்கிப் பிடித்தார். நாய்க்குப் பிரஷர் ஏறி, ஏறியபடியே நின்றது. அப்போதுதான் எல்லோரும் பழைய முயலைத் தேடிப் போனார்கள்.

ரெனின் நேரடியாக அழுத்தத்தை ஏற்றுவதில்லை, ரத்தத்தில் இன்னொரு பொருளை உண்டாக்கி அதன் மூலம் ஏற்றுகிறது என்று 1940 வாக்கில் அர்ஜென்டினாவில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியே கண்டன. அவர்கள் வைத்த பெயர் ஹைப்பர்டென்சின். இவர்கள் வைத்த பெயர் ஆஞ்சியோடோனின். எங்கள் பெயர்தான் சரி என்று இருவரும் பிடிவாதம். கடைசியில் 1958-இல் சமாதானமாகி, இதில் பாதி அதில் பாதி சேர்த்து 'ஆஞ்சியோடென்சின்' என்று வைத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் பிள்ளைக்கு இரண்டு தாத்தா பெயரையும் சேர்த்து வைப்பது போல!

அடுத்து வருவது பாம்பு. பிரேசிலில் ஜராராகா என்று ஒரு விரியன் வகை. அது கடித்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அந்த விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி, 1965-இல் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து விவரித்தார். ஆஞ்சியோடென்சின் முழு வடிவம் பெறவிடாமல் தடுக்கும் குணம் அதற்கு இருந்தது பிறகு தெரிந்தது. அதை மாதிரியாக வைத்து அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர் வாய் வழியே சாப்பிடக்கூடிய மாத்திரையைச் செய்தார்கள். கேப்டோப்ரில். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் 'ப்ரில்' என்று முடியும் மாத்திரை இருந்தால் அது இந்தப் பாம்பின் வம்சம்.

ஆனால் இது பிரஷர் மாத்திரைதானே, கிட்னித் தழும்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இங்கே பாஸ்டன் நகரத்து பாரி பிரென்னர் வருகிறார். எலிகளின் ஒரு சிறுநீரகத்தை முழுதாகவும் மற்றதில் மூன்றில் இரண்டு பங்கையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஆறில் ஒரு பங்கு எப்படி நடந்துகொள்கிறது என்று அவரும் அவருடைய குழுவினரும் பார்த்தார்கள். மிச்சமிருந்த பங்கில் ஒரு நோயும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் அதுவும் தழும்பாகிக் கெட்டது.

இதை நான் ஒரு ஆசிரியராக நன்றாகவே புரிந்துகொள்வேன். ஆறு ஆசிரியர் இருக்கிற பள்ளியில் ஐந்து பேர் மாற்றலாகிப் போய், பதிலுக்கு ஆள் வரவில்லை என்று வையுங்கள். மீதி ஒருவர் ஆறு வகுப்பையும் பார்ப்பார். முதல் மாதம் 'பரவாயில்லையே, சமாளிக்கிறாரே' என்று எல்லோரும் பாராட்டுவார்கள். அடுத்த கல்வியாண்டில் அவரே மருத்துவ விடுப்பில் போவார். மிச்சமிருக்கும் நெஃப்ரான்களும் அப்படித்தான். போனவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்ய, ஒவ்வொரு குளோமருலஸுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே அதைக் காயப்படுத்துகிறது. முதலில் வந்த நோய் போய்விட்டாலும் கெடுவது நிற்பதில்லை. 1980-களின் தொடக்கத்தில் பிரென்னர் குழுவினர் இதை எழுதினார்கள். என் பார்வையில் இந்தக் கதையின் மிகப் பெரிய திருப்பம் இதுதான்.

ஆஞ்சியோடென்சின் என்ன செய்யும் தெரியுமா? குளோமருலஸிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலை இறுக்கும். உள்ளே வந்த ரத்தம் வெளியே போக இடமில்லாமல் முட்டும். 'ப்ரில்' மாத்திரை அந்த வெளிவாசலைத் திறந்துவிடுகிறது. எலிகளில் பலித்தது. 1993-இல் எட்மண்ட் லூயிஸ் தலைமையில் அமெரிக்கக் குழுவினர், சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்த 409 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்திக்கும் ஆபத்து, கேப்டோப்ரில் எடுத்தவர்களிடம் பாதியாகக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தம் குறைந்ததை மட்டும் வைத்து அந்த அளவு பலனை விளக்க முடியவில்லை.

இப்போது இரண்டாவது பாதை. தழும்பை யார் கட்டுகிறார்கள்? 1971-இல் ஜெனீவாவில் ஜூலியோ கப்பியானி என்பவரின் குழு, ஆறிக்கொண்டிருக்கும் காயத்தின் சதையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. அங்கே பாதி நார் செல், பாதி தசைச் செல் போன்ற விசித்திரமான செல்கள் இருந்தன. நாரை நெய்யவும் செய்கின்றன, காயத்தின் ஓரங்களை இழுத்துச் சுருக்கவும் செய்கின்றன. மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். பெயர் நீளம்தான், நான் 'கொத்தனார் செல்' என்று வைத்துக்கொள்கிறேன். கெட்டுப்போகும் சிறுநீரகத்திலும் சுவர் எழுப்புவது இதே கொத்தனார்தான். காயம் ஆறியதும் தோலில் இவர் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார். காயம் ஓயாத சிறுநீரகத்தில் போகவே மாட்டார்.

கொத்தனாரைக் கூப்பிடுவது யார்? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் அனிதா ராபர்ட்ஸ், மைக்கேல் ஸ்போர்ன் இருவரும் புற்றுநோயைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு புரதம் கையில் சிக்கியது. டிஜிஎஃப்-பீட்டா, தமிழில் சொன்னால் உருமாற்றும் வளர்ச்சிக் காரணி. 1983-இல் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்த மூலப்பொருள்களில் ஒன்று மாட்டின் சிறுநீரகம் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். 1986-இல் பிறந்த எலிக்குஞ்சின் தோலுக்கடியில் அதை ஏற்றினார்கள். சில நாளில் அந்த இடத்தில் நார் கட்டியது. கூப்பிடுகிற குரல் கிடைத்துவிட்டது.

1990-இல் வேய்ன் பார்டரும் எர்க்கி ருவோஸ்லாட்டியும், சிறுநீரக அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு டிஜிஎஃப்-பீட்டாவை முடக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தார்கள். குளோமருலஸில் தழும்புப் பொருள் சேர்வது அடங்கியது. பிறகு 1994-இல், ஆஞ்சியோடென்சின் பட்டால் சிறுநீரக செல்களே டிஜிஎஃப்-பீட்டாவை அதிகம் சுரக்கின்றன என்று பார்டரின் குழு காட்டியது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமானாலும் அதே கதை என்று வேறு ஆய்வகங்கள் காட்டின. முயலில் தொடங்கிய பாதையும் காயத்தில் தொடங்கிய பாதையும் இங்கே வந்து ஒன்றாயின. பிரஷரும் சர்க்கரையும் ஏன் கிட்னியைத் தின்கின்றன என்பதற்கு மூலக்கூறு அளவில் ஒரு விடை.

அப்புறம் என்ன, டிஜிஎஃப்-பீட்டாவை அடைத்துவிட்டால் நோய் முடிந்ததுதானே? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மருந்து நிறுவனங்களும் இறங்கின. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு, வழக்கமான மாத்திரைகளோடு டிஜிஎஃப்-பீட்டாவுக்கு எதிரான ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2017-இல் அச்சில் வந்தது. கூடுதல் பலன் இல்லை என்று அதைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

ஏன் பலிக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் பல சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொரு எலிக் கணக்கு. 1992-இல் டிஜிஎஃப்-பீட்டா மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். தழும்பே விழாத ஆரோக்கியமான எலிகளா கிடைத்தன? இல்லை. பிறந்து மூன்று வாரம் போல இருந்துவிட்டு, உடம்பு முழுக்க அழற்சி பரவிச் செத்தன. காயத்தை மூடச் சொல்லும் அதே குரல்தான், எதிர்ப்புச் சக்தி வெறிபிடித்து ஆடாமல் 'போதும், அடங்கு' என்றும் சொல்கிறது. அது வில்லன் இல்லை, பிள்ளைகளே. வேலையை விட்டுப் போக விடாமல் நாம் பிடித்து வைத்திருக்கிற காவலாளி. உள்ளே காயம் நடந்துகொண்டே இருக்கும்வரை அவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்.

கொத்தனார் செல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெரிய சண்டையும் நடந்தது. குழலின் செல்களே கட்சி மாறி நார் செல்களாகின்றன என்று 2002-இல் ஒரு குழு சொன்னது. இல்லை, நுண் ரத்தக்குழாய்களை அணைத்தபடி இருக்கும் துணைச் செல்கள்தான் மாறுகின்றன என்று 2010-இல் இன்னொரு குழு. 2021-இல் ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஆய்வாளர்கள் மனிதச் சிறுநீரகங்களை ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படித்து, பெரும்பாலும் இரண்டாமவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். இதை நீட்டினால் உங்களுக்குத் தூக்கம் வரும்.

எதிர்பாராத இடத்திலிருந்து அடுத்த நல்ல செய்தி வந்தது. 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளை ஐரோப்பிய வேதியியலாளர்கள் பிரித்திருந்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகும் என்று 1880-களில் ஃபான் மெரிங் நாய்களில் கண்டார். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, அதே வழியில் சர்க்கரை நோய்க்கு மாத்திரைகள் வந்தன. 'ஃப்ளோசின்' என்று முடியும் மருந்துகள். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதுதான் அவற்றின் வேலை. ஆனால் 2019-லும் 2020-லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒவ்வொன்றிலும் 4,000-க்கும் மேற்பட்டவர்கள், சிறுநீரகம் கெடும் வேகம் தெளிவாகக் குறைந்தது. இரண்டாவது ஆய்வில் சர்க்கரை நோயே இல்லாத சிறுநீரக நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் பலன்!

எப்படி? முக்கியமான ஒரு காரணம், இவை குளோமருலஸுக்குள் ரத்தம் நுழையும் வாசலைக் கொஞ்சம் ஒருக்களிக்கின்றன. பாம்பின் வம்சம் வெளிவாசலைத் திறக்கிறது, ஆப்பிளின் வம்சம் உள்வாசலைச் சாத்துகிறது. இரண்டிலும் உள்ளே முட்டும் அழுத்தம் இறங்குகிறது. ஒற்றை ஆசிரியருக்குக் கொடுத்த ஆறு வகுப்பில் இரண்டைக் குறைத்த மாதிரி. தழும்பை நேராகத் தாக்கப் போனவர்களுக்குக் கிடைக்காதது, சுமையைக் குறைத்தவர்களுக்குக் கிடைத்தது. அழற்சியையும் நார் கட்டுவதையும் தூண்டும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுக்கும் ஃபினரினோன் 2020-இல் ஆய்வில் தேறியது. அதுவும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மாட்டேன். 'ப்ரில்', 'சார்டான்', 'ஃப்ளோசின்' மாத்திரைகளைத் தொடங்கினால், அழுத்தம் இறங்குவதால் கிரியாட்டினின் எண் ஆரம்பத்தில் சற்று ஏறலாம். டாக்டர்கள் அதை எதிர்பார்த்தே மறுபரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். நம் ஆட்கள் ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்த்ததும், 'மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது' என்று தாங்களே நிறுத்திவிட்டு, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுவார்கள். எங்கள் உறவிலேயே இப்படி ஒருவர் இன்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். எண் ஏறினால், எவ்வளவு ஏறலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரே சொல்லட்டும்.

நம் ஊரிலும் இந்தக் கதைக்கு ஒரு பக்கம் உண்டு. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் 1990-களில் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் ஒரு வேலையைத் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சோதிப்பது. கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு விலை மிகக் குறைந்த பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. மூலக்கூறு ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லை. பிரைட்டின் கரண்டி கிராமத்து வாசலுக்கு வந்தது என்றுதான் நான் அதைப் படித்தபோது நினைத்தேன்.

கிட்னி கெடும்போது வலிக்காது, அதுதான் கஷ்டம். பாதிக்கு மேல் போன பிறகும் ஆள் சாதாரணமாக நடமாடுவார். ஆனால் ஆல்புமின் கசிவு பெரும்பாலும் அதற்கு வெகு முன்னாலேயே சிறுநீரில் தெரிந்துவிடும். நாற்பதைத் தாண்டிய என் மாணவர்களே, சர்க்கரையோ பிரஷரோ உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது சிறுநீர் ஆல்புமினையும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த மாத்திரை சாப்பிடலாம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பதிவை முழுசாகப் படித்தவர்கள், கோல்ட்பிளாட் கவ்வி போட்டது எந்த விலங்குக்கு என்று கீழே எழுதுங்கள். எழுதாதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், வருகைப் பதிவேடு இன்னும் மனசில் இருக்கிறது.